‘முதலை’ என்று சிரித்த பிள்ளைகள்: ஆரம்பப் பிரிவில் சமயபாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

வலிகாமம்_தரம்4

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தரம் 4 வகுப்பாசிரியை நான். ஆரம்பப் பிரிவு என்பதால் தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம் எல்லாம் நானே படிப்பிக்கிறேன். ஒரு விடயம் மூன்று வாரமாக மனதை அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தவணைப் பரீட்சையில், சமயபாடத் தாளில், அன்பும் சிவமும் ஒன்றே என்று பாடியவர் யார் என்று ஒரு கேள்வி. 31 பிள்ளைகளில் 30 பேர் திருமூலர் என்று சரியாக எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்கே இடைவேளையில் ஒரு பெடியனின் சப்பாத்து அடி கழன்று வாய் பிளந்துவிட்டது. நடக்க நடக்கச் சளக் சளக் என்று சத்தம். அதற்கு முதல் வாரம்தான் அவிநாசிக் கதை சொல்லியிருந்தேன். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. அதையே பிடித்துக்கொண்டு, “முதலை, முதலை, பிள்ளையைத் தா” என்று அவனைச் சுற்றி நின்று கத்தினார்கள். முன்னுக்கு நின்று தாளம் போட்டவள் சமயத்தில் 100 எடுத்த பிள்ளை.

நான் செய்தது இன்னும் பிழை. எல்லாரையும் வகுப்புக்குள் கூப்பிட்டு, அவனையும் பக்கத்தில் நிற்கவைத்து, “இவனிடம் வேறு சப்பாத்து இல்லை, அது உங்களுக்குச் சிரிப்பா?” என்று ஏசினேன். கத்தியவர்கள் தலையைக் குனிந்தார்கள். அவனும் குனிந்தான். அடுத்த இரண்டு நாளும் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை.

தேவாரம் பாடமாக்குகிறார்கள், பஞ்சபுராணம் வடிவாகப் பாடுகிறார்கள், நாயன்மார் பெயர் கேட்டால் மளமளவென்று சொல்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கிறவனின் முகம் வாடுவது மட்டும் தெரியவில்லை. இதற்கு நீங்கள் யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பதை நான் படித்துவிட்டேன், வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சமயபாடம்

ரீச்சர், முதலில் உங்கள் பிழையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய காரியம். 38 வருடம் படிப்பித்தவன் நான். இதே பிழையை எத்தனை தரம் செய்திருப்பேன் என்று எண்ணிப்பார்க்கவே முடியாது. இரக்கப்படுகிறோம் என்று நினைத்து ஒரு பிள்ளையின் இல்லாமையைச் சபைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் ‘இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்’ என்கிறார். என்னிடம் இல்லை என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் வேதனை வரும் முன்னமே கொடுத்துவிட வேண்டும் என்று நான் அதற்குப் பொருள் கொள்வேன். நாம் அவனுக்காக ஊருக்கே சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது விடயம். திருமூலர் பெயரைக் கேட்டுப் புள்ளி போடுகிறோமே, அந்தத் திருமூலர்தான் சின்னப் பிள்ளையும் செய்யக்கூடிய நான்கு வேலைகளை ஒரே பாட்டில் வைத்திருக்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, மற்றவர்க்கு ஓர் இன்சொல். ஒவ்வொரு வரியும் ‘யாவர்க்குமாம்’ என்று தொடங்கும். எல்லாருக்கும் முடியும் என்பதுதான் அதன் உயிர். காசு வேண்டாம், வயது வேண்டாம். நான் தரம் 3, 4 பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை ஒரு தவணை முழுக்க வைத்திருப்பேன். பாடமாக்க இரண்டு நாள் போதும். மீதி நாள் முழுக்கச் செய்வதற்கு.

நான்கிலும் கடினமானது எது தெரியுமா? இன்சொல். பச்சிலையும் புல்லும் கொண்டுவரச் சொன்னால் மூட்டையாகவே கொண்டுவருவார்கள். அன்றைக்கு ஒருவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாயா என்று கேட்டால் வகுப்பே பேசாமல் இருக்கும். அந்த இடத்தில்தான் நாங்கள் நின்று மினக்கெட வேண்டும்.

லயத்துப்பிள்ளை

ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஞாயிறு அறநெறிப் பாடசாலை நடத்துகிறோம். கோயில் மண்டபம்தான் வகுப்பறை. 40 பிள்ளைகள் அளவில் வருவார்கள், மழை என்றால் பாதி.

ஐயா சொன்ன நான்கு வேலைகளைப் போலத்தான் நாங்களும் தொடங்கினோம். ஆனால் ஒரு பிழை விட்டோம், மற்றவர்கள் விடாமல் இருக்கச் சொல்கிறேன். ‘நற்செயல் கொப்பி’ என்று ஆளுக்கொரு கொப்பி கொடுத்தோம். நல்லது ஒன்று செய்தால் எழுத வேண்டும், நாங்கள் நட்சத்திரம் ஒட்டுவோம், தவணை முடிவில் பரிசு. முதல் வாரம் அழகாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு பாட்டியை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்திருக்கிறார்கள். பாட்டி கடக்கவே இல்லையாம், கடைப் பக்கம் போகத்தான் நின்றாராம். இன்னொரு பிள்ளை நடக்காததை எல்லாம் எழுதியிருந்தது. அது பொய் சொல்கிற பிள்ளை இல்லை. நாங்கள்தான் பொய் சொல்ல வைத்தோம். கொப்பியை நிறுத்திவிட்டோம்.

இப்போது இருப்பது ஒரு பழைய பால்மா ரின் மட்டும். வருகிற பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கை அரிசி கொண்டுவந்து போடும். பிடியரிசி. யார் போட்டார், யார் போடவில்லை என்று பார்க்கவே மாட்டோம், ரின் திரைக்குப் பின்னால் இருக்கிறது. மாதம் ஒருமுறை பொங்கி எல்லாரும் சாப்பிடுவோம். எங்கள் லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு கை அரிசியே கணக்காகப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையும் அதே பொங்கலைத்தான் சாப்பிடுகிறது, அதுவும் ஒரு கை போட்டிருக்கலாம். கொடுக்கிற பிள்ளை, வாங்குகிற பிள்ளை என்று இரண்டு வரிசை இல்லாமல் போய்விட்டது.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து புத்தகப்பை கொடுக்க வருகிறவர்கள் படம் எடுக்காமல் போவதில்லை. பிள்ளை பையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. படம் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வராமலே விட்டுவிட்டார்.

கேள்விக்காரன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இரக்கம் வளர்க்கச் சமயபாடம்தான் வேண்டுமா? சமயம் அதிகம் படித்த எங்கள் ஊரில்தானே கோயில் கதவை ஒரு பகுதி மக்களுக்குப் பூட்டி வைத்திருந்தார்கள்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. வழியை மறித்து நின்றவர்களுக்குத் தேவாரம் தெரியாமலா இருந்தது? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர் பெருமானுக்கு நாம் நிறையக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சாதி விடயத்தில் அவர் நின்ற இடத்தைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டுக் குருபூசை மட்டும் செய்கிறோம். சண்டைக்காகச் சொல்லவில்லை. என் அப்பா அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்.

ஓய்வுபெற்ற_சமயபாடம்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் நான் மாணவன். எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவன். அது இன்றைக்கும் சுடுகிறது.

நாவலரைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. 1877 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி வைத்துக் காய்ச்சி ஊற்றினார், அது அவருடைய இரக்கம். சாதி விடயத்தில் அந்த இரக்கம் போக வேண்டிய தூரம் போகவில்லை. பெரியவர்களையும் இப்படி முழுதாகப் பார்க்கப் பழகினால்தான் பிள்ளை தன்னையும் பார்க்கப் பழகும். தரம் 5 பிள்ளைக்கு இது நன்றாக விளங்கும்.

சமயபாடத்தைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லாததற்கும் காரணம் உண்டு. பெரியபுராணத்திலேயே அந்தக் கதவைத் திறக்கிற கதை இருக்கிறது, நாங்கள்தான் சொல்வதில்லை. திருஞானசம்பந்தர் சாத்தமங்கைக்கு வருகிறார். கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியும். அந்தக் காலத்தில் பாணரை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். அவர்கள் தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் கேட்க, வேதியரான திருநீலநக்கர் தம் வீட்டு நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் வேதிகைக்குப் பக்கத்தில், இடம் கொடுக்கிறார். தீ அணையவில்லை. வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார். 63 நாயன்மாரில் நீலநக்கர், யாழ்ப்பாணர் இரண்டு பேரும் உண்டு. இந்தக் கதையை நான் சொல்லாத வருடம் இல்லை. ஒரு தரம் ஒரு பெற்றோர் வந்து, இதெல்லாம் ஏன் சின்னப் பிள்ளைக்கு என்று கேட்டார். பெரியபுராணத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

ஸ்காபரோ_அம்மா

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு ஒன்றில் ஆறு வருடமாகத் தொண்டு செய்கிறேன். எந்தக் கதையை எந்த வயதில் சொல்வது என்பதை நாங்கள் யோசிப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய கவலை.

என் மகனுக்கு 7 வயதில் வகுப்பில் சிறுத்தொண்டர் கதை சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கறி. அன்றிரவு என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி வந்து கேட்டால் நீங்களும் கொடுப்பீங்களா அம்மா?” என்றான். ஒரு கிழமை நித்திரை இல்லை. அந்தக் கதையின் தத்துவம் எனக்கும் தெரியும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தத்துவத்தைக் கேட்பதில்லை, அந்தப் பிள்ளை சீராளனாக நின்று கேட்கிறது. தகப்பனின் காலை வெட்டிய சண்டேசுவரர் கதையும் அப்படித்தான். பெரிய வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே பிள்ளைகள் மனுநீதிச் சோழன் கதையில் என்ன கேட்டார்கள் என்றும் சொல்கிறேன். கன்றைத் தேரால் ஏற்றியதற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் அரசன், எவ்வளவு பெரிய நீதி என்று நான் உருகிச் சொல்லி முடித்தேன். ஒரு சின்னவள் கையைத் தூக்கினாள். “பசுவுக்குப் பிள்ளை இல்லை. இப்போ அந்த ராணிக்கும் பிள்ளை இல்லை. பசுவுக்கு அதில் என்ன சந்தோசம்?” எனக்கு மறுமொழி வரவில்லை. கடைசியில் இறைவன் கன்றையும் இளவரசனையும் அமைச்சரையும் எழுப்பிக் கொடுத்தார் என்று சொன்னதும்தான் அவள் முகம் மலர்ந்தது. அவளிடம் நான் படித்தேன். அந்தக் கேள்வியைப் பிழை என்று சொல்லியிருந்தால் அன்றோடு அந்த இரக்கம் வாயை மூடியிருக்கும்.

இன்னொருவன் கேட்டது வேறு. “பசு அடிக்கிற மாதிரி மணியை எவ்வளவு தாழ்வாகக் கட்டியிருந்தார்கள்?”

மட்டுநகர்_வாவி

கதை தேர்வு பற்றி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கூடவே ஒன்று. எங்கள் பக்கம் சில ஊர்க் கோயில்களில் இன்னும் வேள்வி, அதாவது கடா பலி, நடக்கிறது. கடாவைக் கொண்டுபோகும்போது பிள்ளை பார்க்கிறது, அடுத்த நாள் வகுப்பில் கொல்லாமை படிக்கிறது. வந்து கேட்கிறது. வீட்டைப் பழிக்காமல், பிள்ளையின் கேள்வியையும் அமுக்காமல் மறுமொழி சொல்வது லேசில்லை. “உனக்கு அந்தக் கடாவைப் பார்க்க எப்படி இருந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். அழுகிற பிள்ளையை அழவிடுவேன்.

இரக்கம் எங்கள் ஆட்களோடு நின்றுவிடக்கூடாது என்பதும் எனக்கு முக்கியம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு எனக்கு 9 வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். முதல் இரவு எங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்தவர்கள் பக்கத்து ஊர் முஸ்லிம் ஆட்கள். தங்கள் ஊரிலும் செத்தவர்கள் இருந்த நாள் அது. அந்தச் சோற்றின் சூடு இன்னும் கையில் இருக்கிறது. விபுலாநந்த அடிகளின் பாட்டை, இறைவனுக்கு வேண்டியது உள்ளக் கமலம் என்ற அந்தப் பாட்டை, வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

உபுட்_வாசி

பாலியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன், பிறந்தது வவுனியா. இங்கே பெரும்பான்மையானவர்கள் இந்துக்கள், பள்ளிக்கூடத்தில் சமயம் கட்டாய பாடம். 2013 பாடத்திட்டத்திலிருந்து பாடத்தின் பெயரிலேயே ‘புடி பெக்கர்த்தி’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். நல்லொழுக்கம், நற்பண்பு என்று சொல்லலாம். ‘தத் த்வம் அசி’யைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனும் நீதான், அவனுக்கு நோகப்பண்ணினால் உனக்கு நோகும் என்ற அளவில்.

ஆனால் புத்தகத்தைவிட எனக்குப் பிடித்தது வீட்டில் நடப்பது. காலையில் சோறு சமைத்ததும் யாரும் வாய் வைக்கும் முன், வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகை சோறு வைத்து அடுப்பு, தண்ணீர் இருக்கும் இடம், முற்றம், வாசல் என்று வைத்துவிட்டு வருவார்கள். ‘சைபான்’ என்பார்கள். அதை எறும்பும் குருவியும் தின்னும். பக்கத்து வீட்டில் அந்த வேலை 8 வயது மகளுக்கு. 210 நாளுக்கு ஒருமுறை வருகிற தும்பெக் கண்டாங் அன்றைக்கு மாடு, பன்றி, கோழிக்கெல்லாம் படையல். தும்பெக் வாரிகா மரங்களுக்கு. அந்தப் பிள்ளை பள்ளியில் என்ன புள்ளி எடுக்கிறது என்று தெரியாது. பசிக்கிறவர்களில் தான் முதல் ஆள் இல்லை என்று அதற்கு ஒவ்வொரு நாளும் தெரிகிறது.

என் அம்மம்மாவும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் அது விரத நாளோடு சுருங்கிப்போனது, பிறகு இல்லாமலே போய்விட்டது.

ஓய்வுபெற்ற_சமயபாடம்

உபுட் தம்பி, ‘ஐயம் இட்டு உண்’ என்பதைத் தரம் 1இலேயே சொல்லிவிடுகிறோம், இடுகிற கையைத்தான் பழக்கவில்லை. நன்றாக எழுதினீர்கள்.

ரீச்சர், முடிந்தால் பிள்ளைகளை ஒரு நாள் தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போங்கள். துர்க்கையம்மன் கோயிலைக் கும்பிட்டு அப்படியே வந்துவிடாமல், தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் அந்தக் கோயிலின் நிழலில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை வளர்த்தெடுத்த கதையைச் சொல்லுங்கள். செல்வச்சந்நிதியிலும் அப்படித்தான். மடத்தில் பந்தியில் இருத்திச் சாப்பிடவையுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்காத பந்தி அது. ஒரேயொரு வேண்டுகோள், இல்லத்துப் பிள்ளைகளைக் காட்சி பார்க்கப் போகக்கூடாது. கதை போதும்.

கேள்விக்காரன்

ஐயா, நீலநக்கர் கதையை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

வலிகாமம்_தரம்4

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னவற்றில் சிலதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் பெடியன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமும் கேட்டேன். “பரவாயில்ல ரீச்சர்” என்றான், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்கு நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

சப்பாத்து வாங்கிக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஈகை பற்றி ஐயா எழுதியதை வாசித்தபின் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில், பழுதான பொருள் எல்லாருமே கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். பையின் சிப், குடைக் கம்பி, தண்ணீர்ப் போத்தல் மூடி, எதுவானாலும். நானும் என் அறுந்த செருப்பைக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடக் காவலாளி அண்ணைக்குச் சாக்கூசி வேலை தெரியும், அவர் வந்து உட்கார்ந்தார். 31 பிள்ளைகளும் பசையும் நூலுமாக ஒரே ஆரவாரம். அவன் சப்பாத்தும் அந்தக் குவியலுக்குள் இருந்தது. தைத்து முடித்து யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தங்கள் பொருளின் அவசரம்.

ஸ்காபரோ அக்கா எழுதிய மணிக் கேள்வியும் மனதில் நின்றது. வகுப்பு வாசலில் ஒரு சின்னப் பித்தளை மணி கட்டினேன். ஒரே ஒரு விதி. உனக்காக அடிக்கக்கூடாது, வேறு யாருக்காவது நோகிறது என்று கண்டால் மட்டும் அடி. முதல் நாள் 11 தரம் அடித்தது. பாதி விளையாட்டு. பொறுத்துக்கொண்டேன். நான்காம் நாள் இரண்டு தரம். ஒன்று, அன்று தாளம் போட்டாளே, அந்தப் பிள்ளை. ஓடிவந்து அடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். முதலாம் தரத்துப் பிள்ளை ஒன்று வாசலில் அம்மாவைக் காணாமல் அழுகிறதாம். நான் போக முதலே அவளே திரும்பிப் போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளை நான் புகழவில்லை. லயத்துப்பிள்ளை எழுதிய நட்சத்திரக் கதை ஞாபகம் வந்தது. மூன்று பேருமாக அந்த அம்மா வரும்வரை நின்றோம், அவ்வளவுதான். அடுத்த தவணைக்கு ஐயாவின் நான்கு வேலைகளையும், நீலநக்கர் கதையை நாடகமாகவும் வைத்திருக்கிறேன். தீக்குச் சிவப்புச் சேலை போதும் என்கிறார்கள் பிள்ளைகள். யார் தீயாக நடிப்பது என்று இப்போதே போட்டி.

ஒரு உதவி. காவலாளி அண்ணையிடம் ஒரு சாக்கூசிதான் இருக்கிறது, பிள்ளைகள் வரிசையில் காத்துநிற்கிறார்கள். யாழ்ப்பாணப் பக்கம் யாரிடமாவது இன்னும் இரண்டு இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சமயபாடம்

என்னிடம் இரண்டு இருக்கிறது ரீச்சர், மெழுகு நூலும் உண்டு. பள்ளிக்கூடம் எது என்று தனிமடலில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நானே வருகிறேன். என் குடையும் பழுது.